2147483647: ஓர் எண்ணின் இரண்டு புகழ்கள்

நிரல் எழுதுபவர்களுக்கும் கணினி விளையாட்டுகளில் நேரம் செலவிடுபவர்களுக்கும் 2147483647 என்ற எண் பழகிய முகம். இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூன்றாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. ஏறிக்கொண்டே போகும் புள்ளிக் கணக்கு இந்த எண்ணில் வந்து நின்றுவிடும். அல்லது இதைத் தாண்டிய மறுகணமே மிகப்பெரிய கழித்தல் எண்ணாக மாறிவிடும். கணிதம் படிப்பவர்களோ இதே எண்ணைப் பதினெட்டாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பகா எண்ணாக அறிவார்கள்.

இரு தரப்புக் கதைகளும் ஒன்றோடொன்று கலந்து, இந்த எண்ணைப் பற்றிச் சில தவறான கருத்துகள் பரவிவிட்டன. இதற்கு மேல் கணினியால் எண்ண முடியாது என்பது ஒன்று. 2038ஆம் ஆண்டில் எல்லாக் கணினிகளும் நின்றுபோகும் என்பது மற்றொன்று. இது பகா எண்ணாக இருப்பதால்தான் கணினியை வடிவமைத்தவர்கள் இதை எல்லையாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூன்றாவதில் சிறிதும் இல்லை. ஆனால் அது ஏன் தவறு என்று பார்க்கப் புகுந்தால்தான் இந்த எண்ணின் உண்மையான அழகு தெரியவருகிறது.

எல்லை எங்கிருந்து வருகிறது?

பழைய வாகனங்களில் ஓடிய தூரத்தைக் காட்டும் சக்கர மீட்டரை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு இலக்கங்களுக்கு மட்டுமே இடம் இருந்தால், அது காட்டக்கூடிய உச்ச அளவு 9999. வாகனம் இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடினால் எல்லாச் சக்கரங்களும் ஒன்றாகச் சுழன்று 0000 என்று காட்டும். 9999க்கு மேல் எண்களே இல்லை என்று இதற்குப் பொருளல்ல; ஐந்தாவது சக்கரம் இல்லை, அவ்வளவுதான்.

கணினியின் நினைவகத்தில் ஓர் எண்ணுக்கு ஒதுக்கப்படும் இடமும் இதே போன்றதுதான். ஒரே வேறுபாடு, நம் மீட்டரின் சக்கரத்தில் 0 முதல் 9 வரை பத்து நிலைகள் இருக்க, கணினியின் சக்கரத்தில் 0, 1 என்ற இரண்டு நிலைகள் மட்டுமே உண்டு. இப்படி இரண்டே குறிகளைக் கொண்டு எண்களை எழுதும் முறைக்கு இருநிலை எண் முறை என்று பெயர். அதில் ஓர் இலக்கத்துக்கான இடம் பிட் எனப்படும். பத்தடிமான முறையில் ஒவ்வோர் இடமும் வலப்பக்கத்து இடத்தைப் போல் பத்து மடங்கு மதிப்புடையது. இருநிலை முறையில் இரண்டு மடங்கு. எனவே மூன்று பிட்டுகளின் உச்ச எண் 111, அதாவது 4 + 2 + 1 = 7. இது 8ஐ விட, அதாவது 2³ஐ விட, ஒன்று குறைவு. நான்கு சக்கர மீட்டரின் உச்ச எண் 10000ஐ விட ஒன்று குறைவாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

முப்பத்தொரு பிட்டுகளிலும் 1 நிரம்பியிருந்தால் கிடைக்கும் எண் 2³¹ − 1. அதுவே 2147483647. பத்தடிமான முறையில் ஒழுங்கற்றதாகத் தோன்றும் இந்த எண், இருநிலை முறையில் முப்பத்தொரு ஒன்றுகள் வரிசையாக நிற்கும் எண்.

முப்பத்திரண்டு அல்ல, ஏன் முப்பத்தொன்று?

நெடுங்காலமாகக் கணினிகளில் ஒரு முழு எண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இயல்பான இடம் 32 பிட்டுகள். அப்படியென்றால் உச்ச எண் 2³² − 1 ஆக, அதாவது 4294967295 ஆக இருக்க வேண்டுமே என்ற கேள்வி எழும். கழித்தல் எண்களுக்கு இடம் தேவையில்லாத போது உச்ச எண் அதுவேதான். கழித்தல் எண்களையும் எழுத வேண்டும் என்னும்போதுதான் இடத்தைப் பங்கிட வேண்டியிருக்கிறது.

பங்கிடும் முறையை மீண்டும் நான்கு சக்கர மீட்டரில் பார்ப்பது எளிது. 0000 என்று காட்டும் மீட்டரை ஒரு படி பின்னோக்கிச் சுற்றினால் 9999 வரும். ஆகவே 9999 என்பதை −1 என்று கொள்வோம். 9998 என்பதை −2 என்று கொள்வோம். இப்படியே போனால் 5000 என்பது −5000 ஆகும். 0 முதல் 4999 வரை கூட்டல் எண்கள். மீதிப் பாதி கழித்தல் எண்கள். இந்த ஏற்பாட்டில் 4999 உடன் ஒன்றைக் கூட்டினால் மீட்டர் வழக்கம்போல 5000 என்றுதான் காட்டும், ஆனால் நாம் அதை −5000 என்று படிப்போம். உச்சியிலிருந்து ஒரே அடியில் அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறோம்.

கணினியில் இந்த ஏற்பாட்டுக்கு இரண்டின் நிரப்பி முறை என்று பெயர். 32 பிட்டுகளின் இடப்பக்கக் கடைசி பிட் 0 என்றால் அது கூட்டல் எண். 1 என்றால் கழித்தல் எண். கூட்டல் எண்களுக்கு மீதமிருப்பவை 31 பிட்டுகள். அதனால்தான் உச்சம் 2147483647. இதனுடன் ஒன்றைக் கூட்டினால் −2147483648. ஒதுக்கிய இடத்துக்குள் விடை அடங்காமல் போகும் இந்த நிலை வழிதல் எனப்படும். நிரல்மொழிகள் எல்லாம் வழிதலை ஒரே விதமாகக் கையாள்வதில்லை. சில, கழித்தல் பக்கத்துக்குச் சுற்றிவிடும். சில, பிழை என்று நின்றுவிடும். சில தரவுத்தளங்கள் உச்ச எண்ணையே பதிந்துவிட்டு மேலே செல்லும். பத்து இலக்கத் தொலைபேசி எண்களை 32 பிட் முழு எண்ணாகச் சேமிக்க முயலும் ஓர் அட்டவணையில் ஆள்மாற்றி ஆளுக்கு 2147483647 என்றே பதிவாகியிருக்கும் வேடிக்கை இப்படி வருவதுதான்.

சுருக்கமாக: 2147483647 என்பது கணினியின் எல்லை அல்ல, 32 பிட் கொண்ட ஒரு பெட்டியின் எல்லை. 64 பிட் பெட்டியில் உச்சம் 9223372036854775807. பைத்தான் போன்ற மொழிகளில் முழு எண்ணுக்குக் குறிப்பிட்ட பெட்டி அளவே கிடையாது. நினைவகம் உள்ள மட்டும் எண் வளரலாம்.

எல்லை வெளியே தெரிந்த இடங்கள்

யூனிக்ஸ் என்ற இயக்க முறைமையின் வழிவந்த அமைப்புகள் நேரத்தை 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரம் நள்ளிரவு தொடங்கிக் கடந்த விநாடிகளின் எண்ணிக்கையாக வைத்துக்கொள்கின்றன. அந்த எண்ணிக்கை 32 பிட் பெட்டியில் இருந்தால், 2147483647ஆவது விநாடி 2038 ஜனவரி 19 அன்று அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 விநாடிக்கு வரும். கணக்கை யாரும் சரிபார்க்கலாம்: ஒரு நாளைக்கு 86400 விநாடிகள்; 24855 நாட்கள் போக 11647 விநாடிகள் மீதி; அது மூன்று மணி பதினான்கு நிமிடம் ஏழு விநாடி. அடுத்த விநாடியில் எண்ணிக்கை கழித்தல் பக்கத்துக்குச் சுற்றினால், அந்த அமைப்பு 1901 டிசம்பர் 13 என்று காட்டும். புதிய அமைப்புகள் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. அந்தப் பெட்டி நிரம்ப ஏறத்தாழ 29,200 கோடி ஆண்டுகள் ஆகும். கவலைக்குரியவை, எங்கோ ஒரு கருவிக்குள் புதைந்து, மாற்றுவாரின்றி ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரல்கள் மட்டுமே.

2014 இறுதியில், யூடியூபில் ஒரு கொரியப் பாடலின் பார்வை எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டியது. யூடியூப் உடைந்துவிட்டது என்று அப்போது செய்திகள் பரவின. உண்மையில் இது வரப்போவதைப் பொறியாளர்கள் முன்கூட்டியே உணர்ந்து, கணக்கியை 64 பிட்டுக்கு மாற்றியிருந்தார்கள்.

விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாத நிகழ்வும் ஒன்று உண்டு. 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம், போயிங் 787 விமானங்களின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகளை 248 நாட்கள் தொடர்ந்து அணைக்காமல் வைத்திருந்தால் அவற்றுக்குள் இருக்கும் ஒரு மென்பொருள் கணக்கி வழிந்து, மின்சாரம் அறுபடக்கூடும் என்று எச்சரித்தது. விநாடியின் நூறில் ஒரு பங்கை ஒன்றாக எண்ணிக்கொண்டு போனால் 2³¹ஐ எட்ட 248 நாட்களும் அரை நாளும் ஆகும் என்பது இந்த அளவோடு அப்படியே பொருந்துகிறது.

பகா எண் என்பதால் அல்ல

இனி மூன்றாவது கருத்துக்கு வருவோம். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றை விடப் பெரிய எண் பகா எண். மற்றவை பகு எண்கள். 2147483647 பகா எண் என்பது உண்மை. ஆனால் கணினியின் எல்லைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதற்கு, மற்றப் பெட்டிகளின் உச்ச எண்களைப் பார்த்தாலே போதும். 16 பிட் பெட்டியின் உச்சம் 32767. அது 7 × 31 × 151. 64 பிட் பெட்டியின் உச்சமான 2⁶³ − 1 ஏழால் வகுபடும். 8 பிட் பெட்டியின் உச்சமான 127 பகா எண். சில பெட்டிகளில் பகா எண் வாய்த்திருக்கிறது, சிலவற்றில் வாய்க்கவில்லை. வடிவமைத்தவர்கள் அதைக் கருதவே இல்லை.

எப்போது வாய்க்கும், எப்போது வாய்க்காது? ஒன்றுகளால் மட்டும் ஆன இருநிலை எண்களைக் கூர்ந்து பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஆறு ஒன்றுகளை எடுத்துக்கொள்வோம்: 111111. இதை 111, 111 என்று இரண்டு சம கூறுகளாகப் பிரிக்கலாம். ஆகவே இது 111 × 1001. பத்தடிமானத்தில் சொன்னால் 63 = 7 × 9. ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதெல்லாம் பகு எண்ணாக இருக்கிறதோ, அப்போதெல்லாம் வரிசையைச் சம கூறுகளாக வெட்டிவிடலாம்; எனவே அந்த எண்ணும் பகு எண்ணாகவே இருக்கும். 15 = 3 × 5, 63 = 3 × 21 என்பதால்தான் 2¹⁵ − 1, 2⁶³ − 1 ஆகிய இரண்டும் உடைகின்றன. 31 பகா எண் என்பதால் முப்பத்தொரு ஒன்றுகளை அப்படி வெட்ட வழியில்லை.

வெட்ட முடியாது என்பதாலேயே அது பகா எண் ஆகிவிடாது என்பதுதான் சிக்கல். 11 பகா எண்; ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. வெட்டுவதற்கு எளிய வழி இல்லாதபோதும், வேறு வழியாக வகுஎண்கள் நுழைந்துவிடலாம்.

2-இன் அடுக்கை விட ஒன்று குறைவான பகா எண்கள் மெர்சென் பகா எண்கள் எனப்படுகின்றன. மாரன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644இல் இத்தகைய எண்களைத் தரும் அடுக்குகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. அந்தப் பட்டியலில் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. அவருக்கு முன்பே இத்தாலியரான கட்டால்டி 17, 19 இரண்டையும் சரியாக நிறுவிவிட்டு, 23, 29, 31, 37 ஆகியவையும் பகா எண்களைத் தரும் என்று கூறியிருந்தார். அந்த நான்கில் 31 மட்டுமே தேறியது. 2²³ − 1 நாற்பத்தேழால் வகுபடும். 2²⁹ − 1 இருநூற்று முப்பத்து மூன்றால் வகுபடும். 2³⁷ − 1 இருநூற்று இருபத்து மூன்றால் வகுபடும். சரியாகச் சொன்னாலும் நிறுவாமல் சொன்னது கணிதத்தில் கணக்கில் வராது என்பதால், 31க்கு இன்னும் ஒருவர் தேவைப்பட்டார்.

ஆய்லர் வகுத்த வழி

ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். வகுஎண்கள் இணை இணையாக வருவதால், ஒவ்வோர் இணையிலும் சிறியது வர்க்கமூலத்தைத் தாண்டாது. 2147483647இன் வர்க்கமூலம் 46340ஐச் சற்றே தாண்டும். அதுவரையுள்ள பகா எண்கள் சுமார் 4,800. காகிதமும் பேனாவும் மட்டும் உள்ள காலத்தில், பத்து இலக்க எண்ணை அத்தனை முறை வகுப்பது ஒருவரின் பொறுமைக்கு அப்பாற்பட்டது.

சுவிஸ் கணிதவியலாளர் லியோனார்ட் ஆய்லர் செய்தது, வகுப்பதற்கு முன்பே பெரும்பாலான பகா எண்களைத் தள்ளுபடி செய்தது. அவருடைய வழியைப் புரிந்துகொள்ள, 2047ஐ வகுத்த 23ஐ வைத்து ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். 2-இன் அடுக்குகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் 23ஆல் வகுத்து மீதியை மட்டும் குறித்துக்கொள்வோம்:

2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1.

16ஐ இரட்டித்தால் 32. 23 போக மீதி 9. இப்படியே போய், பதினோராவது அடியில் மீதி 1 வருகிறது. அதன் பிறகு 2, 4, 8 என்று அதே வரிசை திரும்பத் தொடங்கும். எனவே மீதி 1 வருவது 11, 22, 33 ஆகிய இடங்களில், அதாவது சுழற்சி நீளமான 11இன் மடங்குகளில் மட்டுமே.

இங்கே பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா 1640இல் கூறிய ஒரு விதி உதவுகிறது. q ஒரு பகா எண் என்றால், q ஆல் வகுபடாத எந்த எண்ணின் (q − 1)ஆவது அடுக்கும் q ஆல் வகுக்கும்போது 1ஐ மீதியாகத் தரும். 23க்கு அந்த இடம் 22. மேலே உள்ள வரிசையிலும் 22ஆவது இடத்தில் 1தான் வருகிறது. ஆகவே சுழற்சியின் நீளம் எப்போதும் q − 1ஐ மீதியின்றி வகுக்க வேண்டும்.

இப்போது 2³¹ − 1க்கு q என்ற பகா வகுஎண் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹ஐ q ஆல் வகுத்தால் மீதி 1. எனவே சுழற்சி நீளம் 31ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண் என்பதால் நீளம் 1 அல்லது 31 ஆக மட்டுமே இருக்க முடியும். நீளம் 1 என்றால் 2ஐ வகுத்தாலே மீதி 1 வர வேண்டும், அது நடவாது. ஆக நீளம் 31. எனவே q − 1 என்பது 31இன் மடங்கு. அதோடு q ஒற்றைப்படை எண் என்பதால் q − 1 இரட்டைப்படை; எனவே அது 62இன் மடங்கு. கட்டால்டியைக் கவிழ்த்த வகுஎண்களும் இதே வார்ப்பில் வந்தவைதான்: 47 = 46 + 1; 233 = 4 × 58 + 1; 223 = 3 × 74 + 1.

46340 வரை 62இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்கள் 747 மட்டுமே. இதோடும் ஆய்லர் நிற்கவில்லை. வர்க்க எண்களின் மீதிகளைப் பற்றிய வேறொரு விதியைக் கொண்டு, q ஐ 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் கண்டார். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், q என்பது 248இன் மடங்கோடு 1ஐயோ 63ஐயோ கூட்டிய எண்ணாக இருக்க வேண்டும். (விமானத்தின் 248 நாட்களுக்கும் இந்த 248க்கும் எந்த உறவும் இல்லை, இது 8 × 31, அது விநாடிக் கணக்கில் தற்செயலாக விழுந்தது. பெரிய எண்களைத் துருவினால் இப்படிப்பட்ட பொருளற்ற ஒற்றுமைகள் எத்தனையோ அகப்படும்.) எஞ்சும் எண்கள் 372. அவற்றிலும் பகு எண்களைத் தள்ளிவிடலாம்: 249 மூன்றால் வகுபடும், 497 ஏழால், 559 பதின்மூன்றால். முதலில் சோதிக்க வேண்டியது 311, மீதி 35. அடுத்த பகா எண் 1303, மீதி 226. இப்படியே 46340 வரை போனால் எங்கும் மீதி சுழியாவதில்லை.

1772இல் வெளியான, பெர்னூலி குடும்பத்தவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர் இந்த முடிவை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து. பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. அன்றுவரை அறியப்பட்ட பகா எண்களில் மிகப்பெரியது என்ற இடம் 2147483647க்குக் கிடைத்தது. முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் அந்த இடம் அதனிடமே இருந்தது.

இதுவரை வந்தது இவ்வளவு: ஒன்றுகளின் எண்ணிக்கை பகு எண்ணானால் எண் நிச்சயம் உடையும், பகா எண்ணானால் உடையலாம், உடையாமலும் போகலாம், உடைக்கக்கூடிய வகுஎண்கள் ஒரு குறிப்பிட்ட வார்ப்பில் மட்டுமே வரும்.

இரண்டு புகழ்களும் சந்திக்கும் ஓர் இடம்

பெட்டியின் எல்லையாக இருப்பதும் பகா எண்ணாக இருப்பதும் தொடர்பற்றவை என்று சொன்னோம். ஆனால் இரண்டும் ஒருசேரப் பயன்படும் இடம் ஒன்று உண்டு: கணினி தரும் தற்போக்கு எண்கள், அதாவது பகடை உருட்டியது போல முன்கூட்டிச் சொல்ல முடியாதவையாகத் தோன்றும் எண்கள். கணினி விதிப்படி மட்டுமே இயங்குவதால், அது தருவது உண்மையில் தற்போக்கு அல்ல; எந்த ஒழுங்கும் கண்ணுக்குத் தெரியாதபடி கலைக்கப்பட்ட ஒரு நீண்ட வரிசை.

அமெரிக்கக் கணிதவியலாளர் லெமர் தந்த வழி எளியது. ஓர் எண்ணில் தொடங்கி, ஒரு நிலையான எண்ணால் பெருக்கி, இன்னொரு நிலையான எண்ணால் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ள வேண்டும்; அந்த மீதியை மீண்டும் பெருக்க வேண்டும். சிறு அளவில் பார்க்க, வகுப்பதற்கு 7ஐயும் பெருக்குவதற்கு 3ஐயும் எடுத்துக்கொள்வோம். 1, 3, 2, 6, 4, 5, பிறகு மீண்டும் 1. ஒன்று முதல் ஆறு வரை எல்லா எண்களும் ஒருமுறை வந்த பிறகே வரிசை திரும்புகிறது. வகுக்கும் எண் பகு எண்ணாக இருந்தால் இது கெட்டுவிடும். 32767ஐ எடுத்துக்கொண்டு, தொடக்க எண் தவறுதலாக 7இன் மடங்காக அமைந்துவிட்டால், அதன் பிறகு வரும் ஒவ்வோர் எண்ணும் 7இன் மடங்காகவே இருக்கும். வரிசை அந்தப் பொறியிலிருந்து வெளியேறவே முடியாது. பகா எண்ணில் அப்படிப்பட்ட பொறி கிடையாது.

1988இல் பார்க், மில்லர் என்ற இருவர், வகுக்கும் எண்ணாக 2147483647ஐயும் பெருக்கும் எண்ணாக 16807ஐயும் கொண்ட முறையைக் குறைந்தபட்சத் தரம் என்று முன்மொழிந்தார்கள். 16807 என்பது 7⁵. 1இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று போகும். 1 முதல் 2147483646 வரை ஒவ்வோர் எண்ணும் ஒருமுறை வந்த பிறகுதான் வரிசை திரும்பும். சி++ மொழியின் நூலகத்தில் இந்த முறை இன்றும் இருக்கிறது. ரகசியக் குறியீட்டுக்கு இது ஏற்றதல்ல. அடுத்த எண்ணைக் கணிப்பது மிக எளிது.

பகா எண்கள் எத்தனையோ இருக்க, ஏன் இந்த ஒன்று? 32 பிட் பெட்டிக்குள் எல்லா மீதிகளும் அடங்குகின்றன என்பது ஒரு காரணம். மீதி காண்பது மிக எளிது என்பது இன்னொன்று. பத்தடிமானத்தில் 999ஆல் வகுத்து மீதி காண, எண்ணை மும்மூன்று இலக்கங்களாக வெட்டிக் கூட்டினால் போதும்: 123456க்கு 123 + 456 = 579. ஆயிரத்தை 999ஆல் வகுத்தால் மீதி 1 என்பதே இதற்குக் காரணம். அதே போல 2³¹ஐ 2147483647ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே பெருக்கல் விடையை முப்பத்தொரு பிட்டுகளாக வெட்டிக் கூட்டினால் மீதி கிடைத்துவிடும். வகுத்தலே தேவைப்படுவதில்லை.

அக்கம்பக்கத்து எண்கள்

இந்த எண்ணின் சுற்றமும் சுவையானது. அடுத்த எண்ணான 2147483648ஐ உடைத்தால் இரண்டுகளைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. முந்திய எண்ணான 2147483646ஐ உடைத்தால் 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. அதில் 31 இருப்பதும் ஃபெர்மா விதியின் வேலைதான். கழித்தல் எண் இல்லாத 32 பிட் பெட்டியின் உச்சமான 4294967295 என்பது 3 × 5 × 17 × 257 × 65537. இந்த ஐந்தும், 2இல் தொடங்கி ஒவ்வொன்றாக வர்க்கப்படுத்திய எண்களோடு (2, 4, 16, 256, 65536) ஒன்று கூட்டக் கிடைக்கும் ஃபெர்மா பகா எண்கள் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்தில் இதுவரை அறியப்பட்டவையும் இந்த ஐந்தே. அடுத்த உறுப்பான 4294967297உம் பகா எண்ணே என்று ஃபெர்மா கருதினார். அது 641ஆல் வகுபடும் என்று 1732இல் காட்டியவரும் ஆய்லர்தான்.

தன்னைத் தவிர்த்த மற்ற வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண் நிறைவெண். 6 = 1 + 2 + 3; 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்பது யூக்ளிட் காலத்து உண்மை. 2147483647ஐ 2³⁰ஆல் பெருக்கினால் வரும் 2305843008139952128 எட்டாவது நிறைவெண். 1811இல் ஆங்கிலக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ, இதை விடப் பெரிய நிறைவெண்ணை இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று எழுதினார். பயனற்ற வெறும் வேடிக்கைக்காக யார் மெனக்கெடுவார்கள் என்பது அவர் வாதம். 1876இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று நிறுவியதும் அந்த வாதம் வீழ்ந்தது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட ஐம்பத்திரண்டாவது மெர்சென் பகா எண்ணுக்கு 4 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள்.

31 என்ற அடுக்கே 2⁵ − 1 என்ற மெர்சென் பகா எண் என்பதையும் கவனிக்கலாம். அடுக்கும் மெர்சென் பகா எண்ணாக, விடையும் மெர்சென் பகா எண்ணாக அமைந்தவை இதுவரை நான்கே தெரியும்: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1. அப்படியென்றால் 2147483647ஐயே அடுக்காக வைத்தால் என்ன ஆகும் என்ற ஆசை இயல்பாக எழும். அந்த எண்ணுக்கு 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். ஆனால் ஆய்லரின் வார்ப்பு அங்கும் பொருந்துகிறது: அதன் பகா வகுஎண்கள் 4294967294இன் மடங்கோடு ஒன்று கூட்டியவையாகவே இருக்க வேண்டும். அவ்வாறு தேடியதில், 68745ஆவது மடங்கில் 295257526626031 என்ற வகுஎண் அகப்பட்டது; எனவே அது பகு எண்.